ஆயிரத்துக்குப் பத்தொன்பது

நர்ஸ் தாஜுன்னிசா உத்திரமேரூர் பஜாரில் பிறந்தவர். கணவர் இறந்தபின் மூன்று பெண்களை வைத்துக்கொண்டு செங்கல்பட்டில் பயிற்சி முடித்து, ஆலந்தாங்கல் கிராமத்துக்குத் தற்காலிக நர்ஸாக வந்தார். கையில் குடை, வாயில் காரம். அவருக்குப் பயப்படாத கிழவன் ஆலந்தாங்கலில் கிடையாது.

நான் அவருடைய சுகாதார நிலையத்தில் கிளார்க். ஊருக்கு ஊர், ஆயிரம் பேருக்கு எத்தனை சாவு என்று வருடாவருடம் பட்டியல் போடுவேன். 1979இல் தாஜுன்னிசாவின் ஆலந்தாங்கலுக்குப் பத்தொன்பது. அம்முலு நர்ஸின் மேட்டுச்சேரிக்குப் பன்னிரண்டு. இரண்டுமே ஏறக்குறைய ஆயிரம் பேர் உள்ள ஊர்கள். பத்தொன்பதைச் சுற்றிச் சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டேன். பார்க்க எடுப்பாக இருக்கிறது என்று சந்தோஷம் வேறு பட்டேன், மடையன்.

நிலையத்தின் தலைவர் டாக்டர் தேவராஜன் அந்த வட்டத்தை மட்டும்தான் பார்த்தார். வெள்ளிக்கிழமை கூட்டத்தில் சரியான விளக்கம் தராவிட்டால் வேலையிலிருந்து நீக்கம் என்று தாஜுன்னிசாவுக்கு மெமோ தயாரானது. அம்முலுவுக்குப் பாராட்டுச் சான்றிதழ்.

மெமோவைப் படித்த தாஜுன்னிசா அழவில்லை.

"கிளார்க் சார், செத்தவங்க வயசு ஒங்க லிஸ்ட்ல கீதா?"

"இல்லம்மா."

"பின்ன இன்னாத்த வெச்சி என்னக் குத்தவாளின்றீங்க?"

எனக்குச் சுருக்கென்றது.

வெள்ளிக்கிழமை அவர் தன் குடும்பப் பதிவேட்டோடு வந்து நின்றார். குரலில் வழக்கமான காரம் இல்லை.

"எங்க ஊரு வாலிபப் பசங்கல்லாம் பொண்டாட்டி புள்ளையோட காஞ்சீவரத்துக்கும் மெட்ராசுக்கும் பூட்டாங்க சார். மிச்சம் கீறது கெழடுங்கதான். ஆயிரத்துல எரநூத்தம்பது பேரு அறுவதத் தாண்டினவங்க. பத்தொம்பது சாவுல பதினஞ்சு அவங்கதான்."

"கிராமத்துல எவனுக்கும்மா வயசு தெரியும்?" டாக்டர் சிரித்தார்.

"தெரியாது சார். ஏரி ஒடஞ்ச வருசம் கண்ணாலம் ஆயிடுச்சா, இல்ல மாடு மேய்ச்சிக்கினு இருந்தியான்னு வூடு வூடா கேட்டு எழுதினது. நீங்களே வந்து கேளுங்க."

டாக்டரின் சிரிப்பு நின்றது. அம்முலுவிடம் அவளுடைய பதிவேட்டைக் கேட்டார். அவள் அதை மடியில் அழுத்திப் பிடித்திருந்தாள். கடைசியில் நீட்டினாள்.

நான் கரும்பலகையில் எழுதினேன். மேட்டுச்சேரியில் அறுபதைத் தாண்டியவர்கள் வெறும் அறுபது பேர். அவர்களில் ஐந்து சாவு. நூற்றுக்கு எட்டுக்கு மேல். ஆலந்தாங்கலில் நூற்றுக்கு ஆறுதான். இளையவர்களைப் பார்த்தால், ஆலந்தாங்கலில் எழுநூற்றைம்பது பேரில் நான்கு சாவு, மேட்டுச்சேரியில் தொள்ளாயிரத்து நாற்பதில் ஏழு. அதுவும் ஆயிரத்துக்குக் கணக்கிட்டால் அங்கேதான் அதிகம். மேட்டுச்சேரி ஜனங்கள் அந்தந்த வயதில் ஆலந்தாங்கல்காரர்களைப் போலச் செத்திருந்தால், பன்னிரண்டுக்குப் பதில் எட்டோ ஒன்பதோதான் ஆகியிருக்கும். சாக்பீஸ் என் விரலில் ஒடிந்தது.

டாக்டர் மெமோவைக் கிழித்தார். உடனே அம்முலு பக்கம் திரும்பி, "அப்ப வேலை செய்யாதவ நீதானா?" என்றார்.

தாஜுன்னிசாவின் முகம் செத்துவிட்டது. தான் தப்பித்ததற்கு இன்னொருத்தி மாட்டிக்கொண்டாளே என்று தவித்தார்.

அம்முலு எழுந்தாள். "அந்த ஏழுல அஞ்சு கைக்கொயந்தைங்க சார். செங்கல் சூளையில பேதி. மருந்து குடுங்க, கூட ஒரு ஆளு குடுங்கன்னு மூணு தபா எழுதினேன். ஒங்க ஊரு நெலவரம் நல்லா கீதுன்னு பதில் வந்திச்சி. அந்த சர்டிபிகேட்டு எனக்கு வாணாம்."

டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது.

அடுத்த அரைமணியில் மருந்துப் பெட்டியோடு எல்லோரும் ஜீப்பில் ஏறினோம். சூளையில் போய் இறங்கியபோது, ஒரு குழந்தையைப் புதைத்துவிட்டு நாலு பேர் திரும்பிக்கொண்டிருந்தார்கள். ஆறாவது.

தாஜுன்னிசா அந்தத் தாயின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டார். மெல்ல, "எத்தினி மாசம்மா?" என்று கேட்டார்.

"அஞ்சு."

எழுதிக்கொண்டேன். எட்டு வருட வேலையில் நான் எழுதிய முதல் வயது அது.