நடுங்காத குரல்

மைக்கம்மாவின் பெட்டியைக் காரில் ஏற்றியாகிவிட்டது என்று அவருடைய மகள் வந்து சொன்னபோது, பதிவு செய்ய இன்னும் இரண்டு பக்கம் பாக்கி இருந்தது.

"வீட்டைக் காலி பண்ணியாச்சு. முடிஞ்சதும் அம்மாவை நேரா எங்க ஊருக்குக் கூட்டிட்டுப் போறேன். சீக்கிரம் விட்டுடுங்க."

எனக்கோ இவர்களைச் சீக்கிரம் விட மனமில்லை. போன வாரம் என் காதில் விழக் கூடாத ஒன்று விழுந்து தொலைத்திருந்தது, அதனால்தான்.

நான் ஒலிப்பதிவாளர். கதைப் புத்தகங்களைப் படிக்க வைத்துப் பதிவு செய்து விற்கிற சின்ன ஸ்டூடியோ எங்களுடையது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான். அந்தப் பக்கம், பஞ்சு வைத்து மூடிய சுவர்களுக்கு நடுவே வாசிக்கிறவர்கள். மைக்கம்மா பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் குரல் கொடுத்தால் மூலையில் சுருண்டு கிடப்பவனும் எழுந்து தன் வண்டிக்கு ஓடுவான். கணவர் சின்ன வயதிலேயே போய்விட, அறிவிப்பறை மேசைக்கு அடியில் தூங்க வைத்து வளர்த்த மகள்தான் இப்போது என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். அறுபத்தேழு வயதிலும் மைக்கம்மாவின் குரலில் ஒரு பிசிறு கிடையாது. எங்கள் தொழிலில் அது பெரிய இடைஞ்சல். கிழவி வேஷத்துக்குக் குரல் நடுங்க வேண்டுமாம்.

அவருக்கு எதிரே உட்கார்ந்து ஆண் குரல்களை வாசிப்பவர் ஓய்வு பெற்ற கம்பவுண்டர். மனைவியை இழந்தவர். பக்கவாதம் வந்து போனதில் வலது கை விரல்கள் மடங்காது. பழைய வாட்ச் ஒன்று வைத்திருக்கிறார். அதன் ஓசை மைக்கில் விழும் என்பதால் கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் திணித்துவிட்டுத்தான் வாசிக்க உட்காருவார். முடிந்ததும் கையை என் முன்னால் நீட்டுவார், அவருக்கு மகள் மாதிரி நான் கட்டிவிடுவேன். மைக்கம்மா கிட்டவே இருந்தாலும் அதைத் தொட்டதில்லை. பார்க்கிறவர்கள் கண்ணெல்லாம் ஒரே மாதிரியா இருக்கிறது?

போன வாரம் மைக்கை அணைக்க மறந்துவிட்டேன். கம்பவுண்டர் பேசியது என் காதில் விழுந்தது.

"ரெண்டு ரூம் வீடு ஒண்ணு பார்த்து வெச்சிருக்கேன். நம்ம கல்யாணம் பண்ணிக்கலாமா? கடைசி அத்தியாயம் முடியறதுக்குள்ள சொல்லுங்க. அப்புறம் நான் இந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன்."

மைக்கம்மா பக்கத்தைப் புரட்டும் ஓசை கேட்டது. ஹெட்ஃபோனைக் கழற்றுவதுதான் மரியாதை. நான் கழற்றவில்லை.

நாவலை எழுதிய தம்பியும் இந்தக் கடைசி நாள் பதிவுக்கு வந்து என் அருகில் ஒரு ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கதையில் ஒரு கிழவர், ஒரு கிழவி. கிழவர் முதல் பக்கத்திலிருந்து இருமுகிறார். "இத்தனை இருமலுக்கு இவருக்கு ஒரு மருந்து வாங்கித் தர நாதியில்லையா?" என்று கம்பவுண்டரே ஒருநாள் கேட்டுவிட்டார். கடைசியில் கிழவர் ஆசையைச் சொல்ல, கிழவி மறுக்க, மறுநாள் காலையில் கிழவர் எழுந்திருக்கவில்லை.

"தம்பி, நானும் இங்க எத்தனையோ கதை படிச்சுட்டேன். வயசானவங்க ஆசைப்பட்டா ஒண்ணு சிரிப்பா சிரிக்க வைக்கிறீங்க, இல்ல கொன்னுடறீங்க. ஏன் அப்படி?" என்றார் மைக்கம்மா.

"அப்பதான்மா படிக்கிறவங்க மனசுல நிக்கும். எடுக்கலாமா?"

எடுத்தோம். மைக்கம்மா வாசித்தார்.

"வேண்டாங்க. இந்த வயசுல நமக்கு எதுக்கு இதெல்லாம்? ஊர் சிரிக்கும். நீங்க போயிடுங்க."

கம்பவுண்டர் இருமினார். "சரி" என்றார்.

"குரல் நடுங்கலையேம்மா. ஏதோ பஸ் கிளம்புதுன்னு சொல்ற மாதிரி இருக்கு. இன்னொரு தடவை" என்றார் எழுத்தாளர்.

இன்னொரு தடவை சொன்னார். அதற்குப் பிறகும் ஒரு தடவை. எதிரே இருக்கிற மனிதரின் முகத்தைப் பார்த்துப் பார்த்து அதே மறுப்பைச் சொல்லச் சொன்னால் அது என்ன நியாயம்? ஒவ்வொரு முறையும் கம்பவுண்டரின் "சரி" இன்னும் தணிந்துகொண்டே போனது. கடைசி தடவை அவர் இருமவே இல்லை. தலையைக் குனிந்துகொண்டு "சரி" என்றார். அது நடிப்பில்லை என்பது எனக்குத் தெரிந்தது.

"பிரமாதம் சார். இதைத்தான் கேட்டேன்" என்றார் எழுத்தாளர். அவரை அப்படியே அறைந்திருப்பேன்.

மகள் என் காதருகே குனிந்தாள். "அந்தப் பெரியவர் போன்ல பேசுவார், தெரியும். அம்மாவும் சிரிச்சுச் சிரிச்சுப் பேசுவாங்க. இந்த வயசுல இதெல்லாம் நல்லாவா இருக்கு? நாலு பேர் சிரிக்க மாட்டாங்க? அதான் கையோட கூட்டிட்டுப் போறேன்." அவள் கெட்டவள் இல்லை. பயந்திருந்தாள்.

கடைசி வரியும் முடிந்தது. கம்பவுண்டர் புத்தகத்தை மூடினார். மைக்கம்மாவும் தன்னுடையதை மூடினார்.

இனி பாக்கி ஒன்றுதான். வாசித்து முடித்ததும் ஒரு நிமிடம் யாரும் பேசாமல், அசையாமல் இருக்க வேண்டும். அந்த வெறும் அமைதியைப் பதிவு செய்து வைத்துக்கொண்டு, பிறகு வரிகளுக்கு நடுவே ஒட்டுப்போடுவேன். "சத்தம் வேண்டாம்" என்று சொல்லிப் பொத்தானை அழுத்தினேன்.

இரண்டு பேரும் மேசைக்கு இருபுறமும் உட்கார்ந்திருந்தார்கள். காதில் ஒன்றுமில்லை, மூச்சு மட்டும். கம்பவுண்டர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த அமைதி முடிந்ததும் எழுந்து போய்விடுவார், திரும்பிக் கேட்க மாட்டார். வாயைத் திற அம்மா என்று மனதுக்குள் கத்தினேன். திறக்கக் கூடாது என்று சொன்னவளே நான்தான்.

அப்போது துணி உரசும் ஓசை கேட்டது. பிறகு டிக், டிக் என்று வாட்ச்.

நிமிர்ந்து பார்த்தேன். மைக்கம்மா கம்பவுண்டரின் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துப் பிரித்திருந்தார். அவருடைய இடது கையை மேசைமேல் இழுத்து வைத்து, வாரைக் கோத்து, கொக்கியை மாட்டினார். என் பக்கத்தில் நின்ற மகள் கண்ணாடியை ஒட்டிப் போய்விட்டாள்.

"யாரது சத்தம் பண்றது? எல்லாம் போச்சு" என்று எழுத்தாளர் குதித்தார்.

மைக்கம்மா மைக்குப் பக்கம் குனிந்தார். நிலையம் முழுக்கக் கேட்ட அதே குரல்.

"நான்தான் தம்பி. இவருக்கு வாட்ச் கட்டிவிட்டேன். இனிமே தினமும் நான்தான் கட்டிவிடுவேன்."

பிறகு கண்ணாடி வழியாக மகளைப் பார்த்தார்.

"கண்ணு, கார்ல இருக்கிற என் பெட்டியை இறக்கிடு."