கொன்ட்ராக்டர் சிவசாமி வகையீடு படித்த வாரம்

மலாக்காப் பக்கம் சுங்கை ரம்பாய் வட்டாரத்தில் சிமெண்டுத் தரை என்றால் சிவசாமிதான். ஆறாம் வகுப்போடு தோட்டப் பள்ளியை விட்டவர். மணல் சலித்து, கரண்டி பிடித்து, சொந்த லோரி வாங்கி, இந்த அறுபத்தொரு வயதில் நாலு பேர் ‘கொன்ட்ராக்டர்’ என்று கூப்பிடும் ஆளாகி நிற்கிறார். அவர் போட்ட தரையில் வெடிப்பு விழுந்ததே இல்லை. விழுந்திருந்தால் அது சரியாகத் தண்ணீர் விடாத வீட்டுக்காரனின் குற்றம்.

இப்பேர்ப்பட்டவரைக் கடைக்குட்டி தேவிஸ்ரீ ஒரே பேச்சில் ஆட்டிவிட்டாள். பள்ளியின் கடைசி வகுப்பான ஐந்தாம் படிவம் படிக்கிறவள்.

“அப்பா, அட் மேத்ஸ விட்டுடப் போறேன். திங்கக்கிழம ஸ்கூல்ல சொல்லிடுவேன். இந்த டிஃபரன்சியேஷன் மண்டைல ஏறவே மாட்டேங்குது.”

சிவசாமி உள்ளுக்குள் பயந்துபோனார். கூடுதல் கணிதத்தை விட்டால் இன்ஜினியரிங் பக்கம் எட்டிப் பார்க்க முடியாது. பாலம் கட்ட வேண்டும் என்று சின்ன வயதிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தவளே அவள்தான். ஆனால் பயத்தை வெளியே காட்டினால் அவர் சிவசாமி இல்லையே.

“இதெல்லாம் ஒரு கணக்கா? உங்கப்பன் பென்சில் இல்லாமலே கணக்குப் போடுற ஆளு. நானே போட்டுக் காட்டுவேன்.”

“சும்மா அளக்காதீங்க லா. சனிக்கிழம டியூஷன்ல டீச்சர் முன்னாடி ஒரே ஒரு கணக்குப் போடுங்க. சரியா வந்தா நா விடல. தப்பா வந்தா நீங்க பேசக்கூடாது.”

மறுநாளே வேலையாள்களை வேலை இடத்தில் விட்டுவிட்டு, மகளின் டியூஷன் டீச்சரிடமே கணக்குக் கற்றுக்கொள்ள மலாக்கா டவுனுக்கு லோரியை விட்டார். அந்த பவானேஸ்வரி டீச்சருக்குத் தன் மகள் வயதுதான் இருக்கும் என்றாலும் சிவசாமி ‘வாங்க போங்க’ என்றுதான் பேசுவார். ஒரு மளிகைக் கடையின் மாடியில் டீச்சருடைய டியூஷன்.

டிஃபரன்சியேஷன் என்கிற வகையீடு, ஒன்று மாறும்போது மற்றொன்று எவ்வளவு வேகமாய் மாறுகிறது என்று பார்ப்பது. டீச்சர் அப்படித்தான் ஆரம்பித்தார். மேலே இருக்கும் அடுக்கு எண்ணை இறக்கி முன்னால் வை, மேலே ஒன்றைக் குறை. x³ என்றால் 3x². சிவசாமி நாலைந்து போட்டார், எல்லாம் சரி. “இவ்ளோதானா டீச்சர்? இதுக்கா புள்ளைங்க அழுவுது?”

இரண்டு சமாசாரம் பெருக்கலில் நிற்கும் கணக்கு வந்ததும் வண்டி நின்றது. இதற்கு ஒரு வகையீடு, அதற்கு ஒரு வகையீடு, இரண்டையும் பெருக்கு என்று போட்டார். நீளம் அகலம் பெருக்கியே காய்த்துப்போன கை அது.

டீச்சர் ஒரு தாளை நகர்த்தினார். “அங்கிள், ஒரு தரைய நீளத்துல கொஞ்சம், அகலத்துல கொஞ்சம் கூட்டச் சொல்றாங்க. கூடுற நீளத்தையும் கூடுற அகலத்தையும் மட்டும் பெருக்குனா எந்த எடம் வரும்? வரைங்க.”

வரைந்து பார்த்தார். “மூலைல இத்துனூண்டு சதுரம்.”

“அதுல மட்டும் சிமெண்டு ஊத்திட்டு வந்துடுவீங்களா?”

“செருப்பால அடிப்பான் டீச்சர்.”

நீளத்தை ஒட்டி ஒரு பட்டை, அகலத்தை ஒட்டி ஒரு பட்டை. ஒன்றை அப்படியே வைத்து மற்றதை வகையிடு, பிறகு மாற்றிச் செய், இரண்டையும் கூட்டு. கூடுவது மயிரிழை அளவு என்றால் அந்த மூலைச் சதுரம் கணக்கிலேயே வராது. இப்படிச் சொல்லிக் கொடுத்தால் லோரிக்கே புரியும் என்று சிவசாமி நினைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை டீச்சர் வெள்ளைப் பலகையில் x²(x³ + 5) என்று எழுதினார். தேவிஸ்ரீ கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றாள். சிவசாமி பேனாவை வாங்கிக்கொண்டார். மகளின் படிப்பு அந்த ஒரு வரியில் தொங்குகிறது.

2x(x³ + 5) + x²(3x² + 5) என்று எழுதிவிட்டுத் திரும்பினார்.

“அந்த அஞ்சு எதுக்கு அங்க?” என்றாள் மகள்.

“இருக்கிறத எப்படிம்மா தூக்கிப் போடுறது?” மிச்ச மணலைக்கூடக் கூட்டி அள்ளி லோரியில் ஏற்றுகிற மனிதர் அவர்.

“ஐயோ அப்பா, அஞ்சு எப்பவும் அஞ்சுதான். மாறாததுக்கு வேகம் ஏது? சைபர்.” பேனாவைப் பிடுங்கி இரண்டாவது ஐந்தை அடித்தாள். அதே வேகத்தில் விரித்து, கூட்டி, 5x⁴ + 10x என்று முடித்தாள். “தோத்துட்டீங்க.”

“தோத்துட்டேன். நா பேசல. ஆனா இத முடிச்சது யாருன்னு மட்டும் பாத்துக்க.”

தேவிஸ்ரீ பலகையைப் பார்த்தாள். பிறகு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். “டீச்சர், இந்த மாதிரி இன்னொன்னு குடுங்க.”

திங்கட்கிழமை அவள் பள்ளியில் எதையும் சொல்லவில்லை.

அடுத்த வாரம் சிவசாமி சிமெண்டு கரண்டியோடு டியூஷன் மாடிக்கு வந்தார். ஆள் வைக்காமல், தானே முட்டி போட்டு, உடைந்திருந்த படிகளைப் பூசினார்.

“எதுக்கு அங்கிள் இதெல்லாம்?” என்றார் டீச்சர்.

“இந்த வயசுல படிக்கணும்னு வந்து நின்னேன். நீங்க சிரிக்கல டீச்சர்.” பூசிய படியைக் கரண்டியால் மறுபடி ஒருமுறை தேய்த்துவிட்டார். “ரெண்டு நாளைக்குத் தண்ணி தெளிச்சு வைங்க. அப்புறம் இது ஆயுசுக்கும் நிக்கும்.”