நடக்கணுமா, நடக்கக் கூடாதா?

இரண்டு மாதம் இருக்கும். ஒரு காலை, என் மனைவி ரோஸியைப் பார்க்கிலிருந்து ஆட்டோவில் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். பார்க் இருப்பது, பெங்களூர் அடுகோடியில் எங்கள் வீட்டுக்கு அடுத்த தெரு! அந்தத் தூரம்கூட அவளால் நடக்க முடியவில்லை.

காரணம் நான்தான்.

ரோஸிக்கு முட்டியில் ஆர்த்ரைட்டிஸ். "லேசா எக்சர்சைஸ் பண்ணட்டும்" என்றார் டாக்டர். லேசாக என்றால் எவ்வளவு? அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நானாக நான்கு ரவுண்டு என்று முடிவு செய்தேன். மூன்றாவதில், "வலிக்குதுங்க" என்றாள். "வலிச்சாத்தான் சரியாகும்" என்றேன். எங்கே படித்தேனோ...

அப்புறம் ஆளாளுக்கு அறிவுரை. எதிர்வீட்டுக்காரர், "நடக்கவே விடாதீங்க" என்றார். ஆபீஸ் நண்பர், "படி ஏறி இறங்கினா போதும்" என்றார். வைட்ஃபீல்டிலிருந்து மகன் ஒரு வீடியோ அனுப்பினான். அதில் ஒரு அம்மாள் நீச்சல் குளத்துக்குள் நின்று கையைக் காலை ஆட்டிக்கொண்டிருந்தார். குழாயில் தண்ணீர் வருவதே பெரிய விஷயமாக இருக்கும் மூன்றாவது மாடியில், குளத்துக்கு நான் எங்கே போவேன்?

ரோஸி பத்து நாள் கீழே இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கும் போகவில்லை. "இனிமே இந்த நாலு சுவருதான் போல" என்றாள், ஜன்னலைப் பார்த்தபடி. எனக்குச் சுருக்கென்றது.

ஒரு பிசியோதெரபிஸ்ட் பெண்ணை வரவழைத்தேன். கன்னடக்காரர்; கன்னடம் கலந்த தமிழில் பேசினார். ரோஸியை நாற்காலியில் உட்காரவைத்து, "காலை நேரா நீட்டுங்க ஆன்ட்டி. அஞ்சு எண்ணுங்க. நிதானவா கீழ விடுங்க" என்றார். இரண்டு காலுக்கும் பத்துப் பத்துத் தடவை. முடிந்தது.

"அவ்ளோதானா? இன்னொரு இருபது பண்ணலாமே?" என்றேன்.

"சாகு அங்கிள், சாகு! போதும்! வலி ஏறினா கொறைச்சுக்கணும். ஆனா அடியோட நிறுத்தக் கூடாது."

குறைக்கணும்... நிறுத்தக் கூடாது! எனக்குத் தலை சுற்றியது. "அப்ப நடக்கணுமா, கூடாதா?"

"நடக்கணும். எவ்ளோன்னு ஆன்ட்டியைக் கேளுங்க."

அதுதான் இத்தனை நாளும் எனக்குத் தோன்றவேயில்லை!

ஆறு வாரம் ஓடியது. வலி போய்விட்டதா? இல்லை. சில நாள் குறைகிறது, சில நாள் ஏறுகிறது. ஏன் என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

போன ஞாயிறு குளித்துவிட்டு வந்தால் கதவு திறந்து கிடக்கிறது; ரோஸியைக் காணோம். பதறிப்போய் எட்டிப் பார்த்தேன். சர்ச்சுக்குக் கட்டும் புடவையில், கைப்பிடியைப் பிடித்து, ஒவ்வொரு படியாக இறங்கிக்கொண்டிருந்தாள்.

"இரு, இரு... நானும் வர்றேன்!"

நிமிர்ந்து பார்த்தாள்.

"வாங்க. ஆனா வாயத் தொறக்காம வாங்க."