பள்ளியறை, ஊர்வலம், தாலி

திருச்செங்கோட்டுக்கு மேற்கே, போர்வெல் ரிக் வண்டிகள் வரிசைகட்டி நிற்கும் ஒரு களத்தின் மூலையில் தனப்பிரியாவின் அறை இருக்கிறது. ஒரு காலத்தில் துளை போடும் பிட்டுகளை அடுக்கிவைத்த அறை. இப்போது உள்சுவர் முழுக்கத் தறிப்பட்டறைக் கழிவுப் பஞ்சை மெத்தையாகத் தைத்து ஒட்டியிருக்கிறாள். கதவைச் சாத்தினால் வெளியே கம்ப்ரஸர் ஓடுவதுகூடக் கேட்காது. உள்ளே என்ன செய்கிறாள் என்று சொந்தக்காரர்களுக்கு விளக்கி விளக்கி அலுத்துப்போய், கல்யாண வீடுகளில் யாராவது கேட்டால் "கம்ப்யூட்டர் வேலைங்க" என்று சொல்லிவிட்டுப் பந்திக்கு எழுந்துவிடுவாள்.

வேலை இதுதான். புல்லாங்குழலோ முகவீணையோ வாசிப்பவரைக் கூட்டிவந்து உட்காரவைப்பாள். ஒவ்வொரு சுரத்தையும் மெதுவாக ஒருமுறை, நடுத்தரமாக ஒருமுறை, உரக்க ஒருமுறை என்று பதிவு செய்வாள். சேரும் ஆயிரக்கணக்கான துண்டுகளைத் துடைத்து, அளந்து, ஒட்டுத் தெரியாமல் கோத்துக் கணினிக்குள் ஒரு வாத்தியம் ஆக்குவாள். எங்கோ ஓர் இசையமைப்பாளர் கீபோர்டில் விரலை வைத்தால் அங்கே குழல் ஊதும். தொலைக்காட்சித் தொடர்களில் மருமகள்கள் அழும்போது பின்னால் அழுகிற புல்லாங்குழல்களில் சில இந்த அறையில் பிறந்தவை. அழுகிற மருமகள்களுக்கு அது தெரியாது.

எலக்ட்ரானிக்ஸ் அவள் கல்லூரியில் படித்தது. காது மட்டும் இந்தக் களம் கொடுத்தது. அப்பா மருதாசலம் ஆந்திராவில் எங்கோ துளை போட்டபடியே போனில் பேசுவார். எட்டு வயதுத் தனப்பிரியா இங்கிருந்து, போனில் கேட்கும் துளைச்சத்தத்தை வைத்தே, "அப்பா, பாறை வந்துருச்சு" என்பாள். அவர் திரும்பிப் பார்த்தால் குழியிலிருந்து மண் நின்று வெள்ளைத்தூள் கிளம்பியிருக்கும். பக்கத்தில் நிற்கும் டிரில்லருக்கே அப்போதுதான் தெரியும். மருதாசலம் இதை இன்றும் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அப்படிப்பட்ட காதை வைத்துக்கொண்டும் ஒருமுறை அவள் நன்றாக ஏமாந்தாள்.

போன ஐப்பசியில் அவளைத் தேடி அன்பரசு வந்தார். ஆட்டையாம்பட்டிக்காரர், வயது நாற்பத்தாறு. நாதஸ்வரக்காரர். அந்தப் பக்கத்துக் கல்யாணங்களில் அவருடைய நாயனம் என்றால் சாப்பிட உட்கார்ந்தவர்கள்கூட இலையை மறந்து காதைத் திருப்புவார்கள். இரண்டு வருடத்துக்கு முன் ஒருநாள் காலையில் வாய் கொப்புளித்தபோது தண்ணீர் இடது ஓரமாக ஒழுகியது. முகவாதம். கண்ணும் புருவமும் ஓரளவு தேறின, உதடு தேறவில்லை. நாயனத்தின் ஊதுமுனையான சீவாளியை வாயில் வைத்தால் காற்றில் பாதி ஓரமாகக் கசிந்துபோகிறது.

"அம்முணி, மூச்சு இருக்குதுங்க. வெரலு இருக்குதுங்க. ஒதடு மட்டுந்தான் இல்லீங்க," என்றார். வாய் கோணுவதை மறைக்கத் துண்டைப் பக்கத்தில் பிடித்துக்கொண்டே பேசினார். "எங்கூட ஜோடியா ஊதுனவன் மாரியப்பன். அவன் நாயனத்த உங்க பொட்டிக்குள்ள போட்டுட்டீங்கன்னா, நான் திருப்பி ஊதீருவனுங்களா?"

ஊதினால் கணினிக்குச் சேதி சொல்லும் கருப்புக் குழல் ஒன்று அவளிடம் இருந்தது. அதன் முனை சின்னது. வாயில் நன்றாக இருக்கும் வலது ஓரத்தில் பற்றிக்கொள்ளலாம், மூச்சும் கொஞ்சம் போதும். விரல் வைக்கும் முறையை நாயனத்துக்கு ஏற்ப மாற்றிவிடலாம். இத்தனையும் யோசிப்பதற்கு முன்பே, "முடியுங்கண்ணா," என்று சொல்லிவிட்டாள்.

மாரியப்பன் நாற்பது நாள் வந்து ஊதினார். முப்பது வருடமாகக் கல்யாணங்களில் நாயனம் வாசிக்கிறவர், அன்பரசு அண்ணனுக்காக என்றதும் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. தனப்பிரியா ஒவ்வொரு சுரத்தையும் நகை பார்ப்பதுபோலப் பார்த்துத் துடைத்தாள். எல்லாம் கச்சிதமாக இருந்தது. மார்கழி முதல் வாரத்தில் அன்பரசுவை உட்காரவைத்துக் குழலைக் கையில் கொடுத்தாள்.

அவர் ஐந்து நிமிடம் வாசித்தார். பிறகு குழலை மடியில் வைத்தார். "நல்லா இருக்குதுங்க."

அந்த 'நல்லா இருக்குதுங்க' எப்படிப்பட்டது என்று கொங்கு நாட்டில் பிறந்த யாருக்கும் தெரியும். உப்பில்லாத சாம்பாருக்கும் விருந்தாளி அதைத்தான் சொல்வார். அவள் விடாமல் கேட்டாள்.

"கோவிச்சுக்காதீங்க அம்முணி. இது பரீச்சைக்கு ஊதற நாயனமுங்க. தப்பு ஒண்ணுமில்ல. ஆனா நான் பெருசா ஊதுனா, இது சத்தமாத்தான் வருது. பெருசா வரல." எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். "உடுங்க. இதுக்கு மேல நீங்க மெனக்கெட வேண்டாம். தையில எந் நாயனத்தக் கோயிலுக்குக் குடுத்தர்றன்."

தோற்றது தனப்பிரியா மட்டும் என்றால் இன்னொரு வாத்தியம் செய்துகொள்வாள். ஒரு மனிதர் தன் வாழ்க்கையைக் கோயிலில் வைத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பப் போகிறாரே என்பதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. மாரியப்பனை மறுபடியும் வரச்சொன்னாள்.

"அண்ணா, இன்னும் ஓங்கி ஊதுங்க."

"இதுக்கு மேல இல்லீங்க அம்முணி. முழு மூச்சும் இதேதான்," என்றார் அவர். அவர் பொய் சொல்லவில்லை. முகம் சிவக்க ஊதினார். கேட்டால் அதே பரீச்சை நாயனம்தான்.

காலை பத்தரை மணிக்குப் பதினேழாவது முறையும் சரிவரவில்லை. கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் இருந்த தனப்பிரியா, 'இன்னும் ஒரே ஒருதடவை' என்று சொல்ல ஆள்காட்டி விரலைத் தூக்கி ஆட்டினாள்.

மாரியப்பன் வெடித்தார். வேறு சொல் இல்லை. கண் இமைக்கும் நேரத்தில் கெட்டிமேள நாயனம் புறப்பட்டுவிட்டது. திரையில் அளவுக்கோடுகள் எல்லாம் சிவப்புக்குப் போயின, அவள் ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தாள். பஞ்சு மெத்தையையும் கதவையும் தாண்டிக் களத்துக்கே சத்தம் போய், ரிக் வண்டிக்கு அடியில் படுத்து வேலை பார்த்த மெக்கானிக் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்.

மாரியப்பன் திடுக்கிட்டு நிறுத்தினார். "அய்யோ, மன்னிச்சுக்குங்க. வெரல ஆட்டுனீங்களா, தாலிக்குன்னு நெனச்சுட்டனுங்க!"

எல்லாரும் சிரித்தார்கள். தனப்பிரியாவும் சிரித்துக்கொண்டேதான் பதிவைத் திரும்ப ஓடவிட்டாள். ஓடவிட்டதும் சிரிப்பு நின்றுபோனது. ஒலி சிதறியிருந்தது, ஆனாலும் உள்ளே இருந்தது வேறு வாத்தியம். சுரம் கீழேயிருந்து பாய்ந்து வந்து, தன் இடத்தைத் தொட்டு, அதற்கும் மேலே ஒரு மயிரிழை ஏறி, அப்புறம்தான் உட்கார்ந்தது. நாற்பது நாளில் அவள் எடுத்த எந்தத் துண்டிலும் அது இல்லை.

"அண்ணா, இது எங்கிருந்து வந்துச்சுங்க?"

"எனக்கென்னங்க தெரியும்? வெரலு ஆடுனா வயிறு தானா எந்திரிச்சுக்கும். நாங்க தாலி கட்டறத எங்கீங்க பாத்தோம்? சுத்தி ஆளு நின்னு மறச்சுக்கும். கூட்டத்துக்கு மேல வெரலு ஒண்ணுதான் தெரியும். முப்பது வருசமா அதத்தான் பாத்துட்டு ஊதறன்."

தனப்பிரியா மனசுக்குள் கணக்குப் போட்டாள். எத்தனை ஆயிரம் தாலிகளுக்கு இவர் ஊதியிருப்பார்! ஒன்றையும் கண்ணால் பார்க்காமல், அத்தனை பேருடைய அந்த ஒரு நொடியையும் வயிற்றில் வாங்கி வைத்திருக்கிறார். அவளோ இவரிடம் 'மெதுவாக, நடுத்தரமாக, உரக்க' என்று கேட்டிருக்கிறாள். ரேடியோ குமிழைத் திருகுகிற கேள்வி. தன் மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது.

பழைய பதிவுகள் முழுவதையும் ஒதுக்கினாள். கணினியில் மூன்று கோப்புறைகளுக்குப் புதுப்பெயர் வைத்தாள்: பள்ளியறை, ஊர்வலம், தாலி. சாமியைப் பள்ளியறையில் கிடத்தும்போது எப்படி ஊதுவீர்களோ அப்படி என்றாள். மாரியப்பன் கண்ணை மூடிக்கொண்டார். வந்த ஒலி அவள் காதுக்கே எட்டியும் எட்டாத அளவு மெல்லியது, ஆனால் முழுசாக இருந்தது. ஊர்வலத்துக்கு அவரை எழுந்து நடக்கச் சொல்லி மைக்கோடு கூடவே நடந்தாள். தாலிக்கு மைக்கைச் சுவரோரம் நகர்த்திவைத்துவிட்டு, ஒவ்வொரு சுரத்துக்கும் விரலை ஆட்டினாள். ஒவ்வொரு முறையும் அந்த மனிதரின் வயிறு எழுந்தது. தோள்பட்டை வலிக்க வலிக்க ஒன்பது நாள் ஆட்டினாள். லேசான மூச்சுக்குப் பள்ளியறையும் முழு மூச்சுக்குத் தாலியும் ஒலிக்கும்படி எல்லாவற்றையும் கோத்தாள்.

தை பிறக்க நான்கு நாள் இருந்தபோது அன்பரசுவுக்குப் போன் செய்தாள். அவர் வர ஒப்பவில்லை. "ஒரே ஒருக்கா வந்துட்டுப் போங்கண்ணா," என்று கெஞ்சியபின் வந்தார். மாரியப்பனின் பேருந்து இன்னும் வந்து சேரவில்லை. அவருக்காக அறைக்கதவைத் திறந்தே வைத்திருந்தாள்.

அன்பரசு வாயின் வலது ஓரத்தில் குழலைப் பற்றினார். முதலில் கீழ்ச் சுரமான சட்சத்தில் லேசாக மூச்சை வைத்துப் பார்த்தார். புருவம் உயர்ந்தது. இன்னும் கொஞ்சம் வைத்தார். பிறகு கல்யாணி ராகத்தில் மெல்ல ஏறத் தொடங்கினார். இழுக்கிற இடத்தில் குழல் இழுபட்டது, அவர் உருட்டிய இடத்தில் உருண்டது. ஏறி ஏறி மேல்சட்சத்தைத் தொட்டு அங்கே மூச்சைக் கொட்டினார். ஸ்பீக்கரிலிருந்து வந்தது பெரிதாக வந்தது. தனப்பிரியா நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். அவள் வெட்டிக் கோத்த துண்டு ஒவ்வொன்றும் அவளுக்குத் தெரியும். இப்போது ஒன்றைக்கூட அடையாளம் காண முடியவில்லை.

களத்தில் யாரோ ஓடிவரும் சத்தம். மாரியப்பன், தோளில் நாயன உறையோடு, மூச்சு வாங்க வாசலில் வந்து நின்றார்.

"அம்முணி, அண்ணனுக்கு ஒதடு செரியாயிருச்சுங்களா?"

அந்த ஒலி அத்தனையும் பதிவின்போது மாரியப்பனே விட்ட மூச்சுதான். அவருக்கு அது தோன்றவே இல்லை. அவர் காதில் விழுந்தது அன்பரசு மட்டும்தான்.

உள்ளே வந்து கருப்புக் குழலைப் பார்த்தார். அண்ணனின் கோணிய வாயையும், இடது ஓரத்தில் எச்சில் ஒழுகுவதையும் பார்த்தார். உறையைப் பிரித்து, தன் நாயனத்தில் சீவாளியைப் பொருத்தி, எப்போதும் உட்காரும் இடப்பக்கத்தில் உட்கார்ந்தார். அண்ணன் மூச்சு வாங்கும் இடத்தில் ராகத்தைத் தான் பிடித்துக்கொள்ளக் காத்திருந்தார். மேல்சட்சம் முடிகிற மாதிரி இல்லை.

"இந்த எடத்துக்கு வந்தா எனக்கு வழியே உடமாட்டீங்க," என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ரெண்டு வருசங் கழிச்சாவது உடுங்கண்ணா."

அன்பரசு விடவில்லை.