சொன்னால் கேட்காத தம்பி

தம்பியை அரியலூருக்குப் பரீட்சைக்கு அழைத்துப்போனபோது அவன் இரண்டாம் வகுப்பு, நான் ஆறாம் வகுப்பு. தொண்ணூறுகளின் பின்பாதி. பரீட்சை என்று எங்கள் வீட்டில்தான் சொன்னோம். தலைமையாசிரியர் சொன்ன சொல் சோதனை. இரண்டும் வேறு என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

தம்பிக்குப் படிப்பு ஏறவில்லை. வாத்தியார் சொல்வதைத் திருப்பிச் சொல்ல மாட்டான்; பக்கத்துப் பையனின் சிலேட்டைப் பார்த்து எழுதுவான். இப்படியே போனால் வகுப்பில் வைத்துக்கொள்ள முடியாது, இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கென்று திருச்சியில் விடுதியோடு பள்ளிக்கூடம் இருக்கிறது, அதற்கு முன்னால் அறிவை அளந்து பார்க்க ஒரு மேடம் அரியலூருக்கு வருகிறார், காட்டிவிடுங்கள் என்று தலைமையாசிரியர் அப்பாவிடம் சொல்லியிருந்தார். அப்பா அதை வந்து சொன்ன அன்று அம்மா எல்லோருக்கும் சோற்றைப் போட்டுவிட்டுக் குழம்பு ஊற்ற மறந்தாள். ஏழு வயதுப் பிள்ளை ராத்திரியில் யார் பக்கத்தில் படுப்பான் என்று மட்டும் கேட்டாள்.

பரீட்சை என்றால் படித்துக்கொண்டு போகவேண்டும் அல்லவா? செந்துறையில் இருந்த அத்தை, அப்பாவின் அக்கா, ஏற்கெனவே அந்த மேடத்திடம் போய்வந்த ஒரு பையனின் வீட்டில் விசாரித்து, கேள்விகளைக் கறந்துகொண்டு வந்துவிட்டாள். பெயர் என்ன, வயது என்ன, இரண்டு கையிலும் சேர்த்து எத்தனை விரல், மாட்டுக்கு எத்தனை கால், பால் என்ன நிறம். இந்த வரிசையில்தான் கேட்பார்களாம். அம்மா தம்பியை எதிரில் உட்காரவைத்து, தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பி, உரக்கச் சொல்லிக்கொடுத்தாள். படிப்பே ஏறாத பிள்ளை இரண்டே நாளில் வரிசை பிசகாமல் ஒப்பித்தான். இவனை யார் மந்தம் என்று சொன்னது என்று அத்தை ஊருக்குக் கிளம்பும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள்.

அம்மா என்னையும் கூட்டிப்போனதற்குக் காரணம், புது இடத்தில் நான் இருந்தால் அவன் அழமாட்டான் என்பது. என் காரணம் வேறு. அறிவை எதைக் கொண்டு அளப்பார்கள் என்று பார்க்கவேண்டும். துணி அளக்கும் டேப் மாதிரி ஏதோ ஒன்றைத் தலையைச் சுற்றி வைப்பார்கள் என்பது என் எண்ணம்.

பள்ளிக்கூடம் ஒன்றின் வகுப்பறையில் மேடம் இருந்தார். கண்ணாடி போட்ட, சின்ன உருவம். மேசைமேல் டேப் இல்லை. ஒரு பெட்டி இருந்தது. அதிலிருந்து நட்சத்திரம், வட்டம், பிறை என்று பள்ளம் வெட்டிய ஒரு மரப்பலகையும், அந்தப் பள்ளங்களில் பொருந்தும் துண்டுகளும், சிவப்பும் வெள்ளையுமாகக் கட்டைகளும் வெளியே வந்தன. பென்சிலே இல்லாத பரீட்சையை அன்றுதான் பார்த்தேன். நட்சத்திரத்தை ஒருமுறை தொட்டுப் பார்க்கக் கை துறுதுறுத்தது.

மேடம் பெட்டிக்குள் குனிந்து எதையோ எடுத்துக்கொண்டே, காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டார். தம்பி தன் பெயரைச் சொன்னான். மேடம் நிமிர்ந்து சிரித்தார். மறுபடி குனிந்து, யாரோடு வந்தாய் என்றார்.

“ஏழு” என்றான் தம்பி.

பஸ்ஸில் வந்தாயா என்றதற்குப் பத்து என்றான். எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. மனப்பாடம் செய்துவந்ததை மேடம் கண்டுபிடித்துவிட்டார், பெயில்தான் என்று நான் முடிவுகட்டினேன். மேடம் கோபிக்கவில்லை. மரப்பலகையை அவன் முன்னால் தள்ளி, ஒரே ஒரு துண்டைத் தானே வைத்துக் காட்டினார். மற்றதையெல்லாம் தம்பி மளமளவென்று வைத்தான். கட்டைகளை ஒரு மாதிரி அடுக்கிக் காட்டினார். அதையும் அப்படியே அடுக்கினான். மேடம் அவன் அடுக்கியதை ஒருமுறையும் அவன் முகத்தை ஒருமுறையும் பார்த்தார்.

அம்மாவுக்குத் தெம்பு வந்துவிட்டது. “கையால செய்யிற வேலையெல்லாம் நல்லா செய்வான்ங்க. சொன்னாத்தான் கேக்க மாட்டான்.”

மேடம் பேனாவைக் கீழே வைத்தார். “கேக்க மாட்டேங்குறானா, கேக்கலையா?”

“ரெண்டும் ஒண்ணுதாங்களே.”

எப்படிக் கேட்கமாட்டான் என்று சொல்லச் சொன்னார். அம்மா எல்லோரிடமும் சொல்வதையே சொன்னாள். கூப்பிட்டால் வருவதில்லை. தண்ணீர் மொண்டு வா என்றால் நின்ற இடத்திலேயே நிற்பான். எதிரில் போய்ச் சத்தம் போட்டால்தான் அசைவான். பிடிவாதம், அவன் தாத்தா மாதிரி. கடைசியில் குரல் தணிந்து, “அடிச்சாக்கூட கேக்கலைங்க” என்றாள்.

மேடம் சில படங்களை மேசைமேல் பரப்பிவிட்டு, ஒரு வெற்று அட்டையை எடுத்துத் தன் வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டு, பூனைப் படத்தைக் காட்டு என்றார். தம்பி படத்தைப் பார்க்காமல், அட்டைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்த்தான். அட்டையை இறக்கி அதையே உரக்கச் சொன்னதும் பூனையின்மேல் விரலை வைத்தான். ஏதோ விளையாட்டு என்று நினைத்தேன். பிறகு அவனைக் கட்டைகளோடு விட்டுவிட்டு அவன் முதுகுக்குப் பின்னால் போய்ப் பெயர் சொல்லி அழைத்தார். அவன் திரும்பவில்லை. என்னைப் பார்த்து, நீ கூப்பிடு என்றார்.

நான் போய் அவன் தோளைத் தொட்டேன். திரும்பினான்.

“தொடாம கூப்புடு.”

“தொட்டாத்தாங்க திரும்புவான்.”

“எப்பலேர்ந்து?”

“எப்பவுமே அப்படித்தாங்க” என்றேன். பரீட்சையில் எனக்கும் ஒரு கேள்வி வந்துவிட்ட பெருமை. அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அறிவில் ஒரு குறையும் இல்லை, விடுதிப் பள்ளி வேண்டாம் என்று மேடம் சொன்னார். காதைத்தான் திருச்சியில் கருவி வைத்துப் பார்க்கவேண்டும். அதுவரை முதல் பெஞ்சில் உட்காரவையுங்கள், முகத்தைப் பார்த்துப் பேசுங்கள் என்று பள்ளிக்கூடத்துக்கு எழுதிக் கொடுத்தார். எனக்கு நட்சத்திரத்தைத் தொடக் கொடுத்தார். நினைத்ததைவிடக் கனமாக இருந்தது.

வீட்டில் அப்பாவுக்குப் பெரிய நிம்மதி. மூளை நன்றாக இருக்கிறதல்லவா, காதுக்கு வைத்தியம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு, பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் தம்பியைச் சைக்கிளில் வைத்து ஒரு சுற்றுச் சுற்றிவந்தார்.

சாயங்காலம் தம்பி வாசலில் வெறும் சோளக்கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தான். அம்மா அவனுக்குப் பின்னால் சற்றுத் தள்ளி வந்து நின்றாள். “தம்பி” என்றாள், தூங்குகிறவனை எழுப்புவதுபோல. அவன் திரும்பவில்லை. நான் எழப்போனேன், இரு என்று கையால் காட்டினாள். அடுத்து, சோறு தின்ன அழைக்கும் குரலில் கூப்பிட்டாள். அடுத்து, வேலை ஏவும் குரலில். கடைசியாக, கையில் குச்சியை எடுப்பதற்கு முன்னால் வரும் அந்தக் குரலில் கூப்பிட்டாள். கேட்டதும் நான் தன்னால் எழுந்து நின்றுவிட்டேன். தம்பி இன்னொரு கட்டையை எடுத்து மேலே வைத்தான்.

அம்மா மறுபடியும் முதல் குரலுக்கே போய், “தம்பி” என்றாள்.

காலையிலேயே மேடம் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டதை அம்மா எதற்கு இத்தனை குரலில் சோதித்துப் பார்க்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. மேடத்தின்மேல் நம்பிக்கை இல்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.