அத்தை இறங்கிய குழி

எங்கள் ஊரில் மத்தியானம் இரண்டு மணிக்குச் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் சங்கு ஊதும். ஐந்து நிமிடத்தில் பாறைக்கு வேட்டு வைப்பார்கள். அரியலூர்ப் பக்கம் பிறந்தவர்களுக்கு அதெல்லாம் ஒரு சத்தமே இல்லை. தொட்டிலில் கிடக்கிற பிள்ளைகூட முழிக்காது.

ஒரு முழுப்பரீட்சை லீவில், சங்கு ஊதி அடங்கிய நேரம், அத்தை கொடுத்த குழம்புக் கிண்ணத்தோடு அவள் வாடகைக்கு விட்டிருந்த பின்வீட்டுக்குப் போனேன். இலங்கையிலிருந்து வந்து, பெரம்பலூர் பக்கம் முகாமில் இருந்துவிட்டு, ஓர் அம்மாவும் இரண்டு பெண்பிள்ளைகளும் அங்கே குடியிருந்தார்கள். கதவு ஆவென்று திறந்து கிடந்தது. அடுப்பில் சோறு பொங்கி வழிந்தது. அரிவாள்மணையில் கத்தரிக்காய் பாதி நறுக்கியபடி இருந்தது. ஆளைக் காணோம்.

கூப்பிட்டேன். கொல்லைப்பக்கம் மண்ணுக்கு அடியிலிருந்து குரல் வந்தது. "ஒண்டு... ரெண்டு... மூண்டு..." நாலு வரவில்லை. மறுபடியும், "ஒண்டு..." எங்கள் ஊரில் உயிரோடிருக்கிற யாரும் அப்படி எண்ணமாட்டார்கள். கிண்ணத்தைப் போட்டுவிட்டு ஓடிப்போய் அத்தையிடம் சொன்னேன்.

எனக்குப் பேய் என்றால் அத்தைக்குப் புதையல். மீன்சுருட்டிப் பக்கம் எவனோ ஏர் உழுதபோது சோழர் காலத்துக் குடம் அகப்பட்டதாம். அதைக் கேட்டதிலிருந்து யார் மண்வெட்டி தூக்கினாலும் அவளுக்குச் சந்தேகம்தான்.

"எம் மனையில குழி பறிச்சு மந்திரமா ஓதுறாளுவ? நாளைக்கே வூட்டக் காலி பண்ணச் சொல்றேன் பாரு!"

சின்னவள் என் வகுப்பு. என் வாயால் அவளுக்கு வீடு போகப்போகிறதே என்று அழுகை முட்டியது.

மறுநாள் அவர்கள் கடைக்குப் போன நேரம் பார்த்து அத்தை கொல்லைக்குப் போனாள். தென்னங்கீற்றை விலக்கினால் குழி. சொல்லச் சொல்லக் கேளாமல் இறங்கினாள். பெருத்த உடம்பு, ஏற முடியவில்லை. அந்த நேரம் பார்த்துச் சங்கு ஊதித் தொலைத்தது. மூன்று பேரும் ஓடிவந்து உள்ளே குதித்தார்கள். நான் சுவரோரம் ஒட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தேன்.

அந்த அம்மா கண்ணை இறுக மூடியிருந்தாள். தன் நெஞ்சைத் தொட்டு "ஒண்டு" என்றாள். பிள்ளைகளின் தலையைத் தொட்டு "ரெண்டு, மூண்டு" என்றாள். துழாவிய கை அத்தையின் தலையில் பட்டது. "நாலு."

பிறகு அவள் அழுத அழுகை வேட்டுச் சத்தத்துக்கு மேலே கேட்டது.

அத்தையைத் தூக்கிவிட்டு வெளியே வந்ததும், "வேட்டு எண்டு எனக்குத் தெரியும் அக்கா. காலுக்குத் தெரியேல்லை" என்றாள்.

அத்தை காலி பண்ணச் சொல்லவில்லை. "அங்க குண்டு போட்டப்ப மூத்த பையன் குழிக்கு வந்து சேரலயாம்" என்று என் அம்மாவிடம் மட்டும் சொன்னாள்.

அதன்பிறகு சங்கு ஊதினால் போதும், அத்தை போட்டது போட்டபடி போய், ஏணி வைத்துக் குழிக்குள் இறங்கிவிடுவாள். இத்தனை வருஷம் வேட்டுச் சத்தத்தில் குறட்டை விட்டவளுக்கு இப்போதென்ன பயம் என்று ஊரே கேலி பேசியது. உள்ளேயிருந்து "நாலு" என்று குரல் வரும். "இருக்கேம்மா" என்பாள் அத்தை. யாருக்காகச் சொல்கிறாள் என்று அப்போது தெரியாமல் நான் மேலே நின்று விழுந்து விழுந்து சிரிப்பேன்.