ஆண்கள் பக்கம்

எழுபதுகளில் நான் எங்கள் தீவில், இறுப்பிட்டியில் புவியியல் படிப்பித்தேன். என் கணவருக்குத் தூரத் தெற்கே மாத்தறையில் பலசரக்குக் கடை. கோயில் திருவிழாவுக்கும் பொங்கலுக்கும் மட்டும் வருவார். வேலையில் இடமாற்றம் எடுத்துக்கொண்டு மகளோடு நானும் அங்கே வருகிறேன் என்று கேட்டுக் கேட்டு எனக்கு வாய் உளைந்துவிட்டது. "இப்ப ஏலாது, பாப்பம்" என்பார். அந்தப் 'பாப்பம்' என்ற சொல்லைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும்.

அந்தப் பள்ளித் தவணையில் குடித்தொகைக் கூம்பகம் படிப்பித்தேன். ஒரு நாட்டில் எந்த வயதில் எத்தனை பேர் என்று ஆண்களை இடப்பக்கமும் பெண்களை வலப்பக்கமும் பட்டை பட்டையாக அடுக்க வேண்டும். அடியில் குழந்தைகள், உச்சியில் கிழடுகள். சுவீடன் தூண்போல நிற்கும். இலங்கை அடி பரந்து மேலே ஒடுங்கும். எங்கள் ஊர் எந்த நாட்டைப்போல இருக்கிறது, பார்ப்போமே என்று பிள்ளைகளை வீடு வீடாக அனுப்பினேன். இரவு வீட்டில் படுத்தவர்களை மட்டும் எண்ண வேண்டும் என்று படித்துப் படித்துச் சொல்லிவிட்டேன்.

எண்ணிப் படம் கீறிக்கொண்டு வந்தார்கள். அச்சொட்டாக இலங்கைப் படம்! எனக்கு வந்ததே கோபம்.

"இவ்வளவு ஆம்பிளையளும் எங்கையடி இருக்கினம்? செத்த வீட்டிலை பாடை தூக்க ஆள் தேடித் திரியிற ஊர் இது!"

ஒருத்தி மெல்ல எழும்பினாள். "வீட்டுக்காரரை இல்லை எண்டு சொல்லக் கூடாதாம், ரீச்சர். எல்லா அக்காமாரும் 'இருக்கிறார்' எண்டுதான் சொன்னவை. உங்கடை வீட்டிலையும் மகள் அப்பிடித்தான் சொன்னவ."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது.

வெளியூரில் கடை வைத்திருப்பவர்களை எல்லாம் அழிக்கச் சொன்னேன். என் கணவரை நானே அழித்தேன். இருபது வயதிலிருந்து ஐம்பது வரை ஆண்கள் பக்கம், மாடு கடித்த வைக்கோல் கற்றை மாதிரி ஆகிவிட்டது. புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். போரில் ஆண்களைப் பறிகொடுத்த நாடுகளின் படம்தான் அப்படி இருந்தது. எங்கள் ஊரில் அப்போது ஒரு போரும் நடக்கவில்லை. கடைகள்தான் காரணம். எனக்கு அழுகையாக வந்தது.

திருவிழாவுக்கு அவர் வந்தபோது வகுப்புக்குக் கூட்டிப்போய்ப் படத்தைக் காட்டினேன்.

"இஞ்சாருங்கோ, இந்த ஓட்டைக்குள்ளைதான் நீங்கள்."

பாய்ந்து விழுவார் என்று நினைத்தேன். படத்துக்குக் கிட்டப் போய் அந்த ஓட்டையில் விரலை வைத்தார்.

"அங்கையும் அரசாங்கத்தாலை எண்ண வந்தவை," என்றார். "நான் தீவான், என்னை ஊரிலை எண்ணுவினம் எண்டு சொல்லித் திருப்பி விட்டனான்."

"இஞ்சை நான் அழிச்சுப்போட்டன். அப்ப நீங்கள் எங்கைதான் இருக்கிறீங்கள்?"

அவர் கதவடிக்குப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு, என்னைப் பார்க்காமலே சொன்னார்.

"மாற்றத்துக்கு எழுதும். நீரும் பிள்ளையும் வாங்கோ. என்னை ஒரு வீட்டிலையாவது எண்ணட்டும்."